கவசம் போட்டா மூச்சு வாங்கும்

ரோல்பிளேயிங் கேமுக்கு சொந்தமா ரூல் எழுத உக்காந்தவன் எவனா இருந்தாலும் மந்திரம், பூதம், பேய், பொதையல் எல்லாத்தையும் ஒரு மாதிரி எழுதி ஒப்பேத்திருவான், ஆனா இரும்புச் சட்ட போட்டவன வாளால வெட்டினா என்ன ஆகும்ங்கிற எடத்துல வந்து கண்டிப்பா முட்டிக்கிட்டு நிப்பான். வெட்டு படவே படாதா? பட்டு, கொறச்சலா காயம் ஆகுமா? சட்ட கிழியுமா? இல்ல எதுவுமே ஆகாம ஆளு மட்டும் ரெண்டடி பின்னால போய் விழுவானா? நாலுமே நெசம்தான், அதான் பிரச்சனை. நாலையும் ரூலா எழுதினா ஒரு வெட்டு முடியறதுக்குள்ள டீ ஆறிரும்.

இந்த கேம் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாலஞ்சு பேரு ஒரு மேசைய சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கதாபாத்திரமா பேசுவாங்க, ஒருத்தர் கதைய நடத்துவாரு, சந்தேகமா ஒரு காரியம் வந்தா டைஸ் உருட்டி முடிவு பண்ணுவாங்க. டைஸ்னா தாயக்கட்ட மாதிரி இல்ல, நாலு முகம், ஆறு முகம், பத்து முகம், இருபது முகம்னு தினுசு தினுசா இருக்கும். இருபது முகம் உள்ளதுக்கு டி20ன்னு பேரு, எங்க வீட்டுல இன்னமும் நான் கிரிக்கெட் பத்திதான் எழுதறேன்னு நெனச்சுட்டு இருக்காங்க, நானும் திருத்தல.

எங்க கூட்டம் கூடுறது மார்த்தாண்டத்துல, ரப்பர் ஷீட் வாடை அடிக்கிற ஒரு மாடி ரூம்ல. பாதிப் பேரு கன்னியாகுமரி மாவட்டம், மீதி கேரளால பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துல இருந்து களியக்காவிளை தாண்டி பஸ் பிடிச்சு வர்றவங்க. மேசைல பேசுறது தமிழா மலையாளமான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. கதை நடக்குற காலம் 1730, 40கள், மார்த்தாண்ட வர்மா வேணாட்ட திருவிதாங்கூரா பெருசாக்கிட்டு இருந்த சமயம், டச்சு கம்பெனிக்காரன் மொளகுக்காக கடலோரத்துல சுத்திட்டு இருந்த சமயம். எடம் தேடி எங்கயும் போக வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்துலதான் இருக்கு (நெலம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரளா, எங்க மேசை மாதிரியே), புலியூர்க்குறிச்சில உதயகிரி கோட்டை இருக்கு, குளச்சல் கடற்கரை இருக்கு. ஆனா ரூல் மட்டும் வெளிநாட்டு புஸ்தகத்துல இருந்து எடுத்தோம். அங்கதான் இழுபறி ஆரம்பிச்சுது.

மொதல்ல எல்லாரும் தெரிஞ்ச டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முறைய எடுத்துக்குவோம். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டு வந்தது. அதுல கவசத்துக்கு ஒரே ஒரு நம்பர், ஆர்மர் கிளாஸ். அடிக்கிறவன் டி20 உருட்டி அந்த நம்பர எட்டினா அடி பட்டுது, எட்டலன்னா படல, அவ்வளவுதான். பட்டா எவ்வளவு காயம்ங்கிறதுக்கும் கவசத்துக்கும் சம்பந்தமே கெடையாது. இந்த யோசன எங்க இருந்து வந்துச்சுன்னா, கப்பல்ல இருந்து. அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து இரும்புக் கப்பல் சண்டைக்குன்னு ஆர்னெசன் முன்னாடி எழுதி வச்சிருந்த ரூல்ல இருந்துதான் ஆர்மர் கிளாஸ், ஹிட் பாயின்ட் (இன்னும் எவ்வளவு அடி தாங்கும்ங்கிற கணக்கு) ரெண்டையும் எடுத்தேன்னு அவரே பேட்டில சொல்லியிருக்காரு. கப்பலுக்கு அது ரொம்பப் பொருத்தம், குண்டு ஒண்ணு தகட்ட தொளைக்கும் இல்ல தெறிச்சுப் போகும், தொளைச்சா கப்பல் கொஞ்சம் கொஞ்சமா சேதமாகி கடைசில முங்கும். மனுசன் அப்பிடி முங்கறதில்லன்னு குத்தம் சொல்றவங்க இருக்காங்க, ஆனா எனக்கு அதுல பெரிய வருத்தம் இல்ல. அதுக்கு முன்ன இருந்த போர் விளையாட்டுல ஒரு அடின்னா ஒரு பொணம், ஆசையா பேரு வச்சு வளத்த கதாபாத்திரம் ஒரே உருட்டல்ல போயிட்டா யாரு திரும்ப வருவா?

என் வருத்தம் வேற. கணக்கு போட்டுக் காட்டுறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

2014ல வந்த அஞ்சாம் பதிப்ப எடுத்துக்குவோம். வெறும் உடம்போட நிக்கிறவனுக்கு ஆர்மர் கிளாஸ் 10, தோல் சட்டைக்கு 11, சங்கிலிக் கவசத்துக்கு 16, முழு தகட்டுக் கவசத்துக்கு 18, கேடயம் பிடிச்சா கூட 2. ஆரம்ப நெலைல ஒரு நல்ல வாள்காரன் டி20யோட 5 கூட்டுவான்னு வைங்க. வெறும் உடம்புக்காரன் மேல 100க்கு 80 அடி படும், அவன் கையில கேடயம் குடுத்தா 70 ஆகும். அதாவது அவன் வாங்குற அடில எட்டுல ஒரு பங்கு கொறையும். இப்ப தகட்டுக்காரன பாருங்க, அவன் மேல 100க்கு 40, கேடயம் குடுத்தா 30. அவனுக்கு நாலுல ஒரு பங்கு கொறையுது! அதே கேடயம், அதே 2 பாயின்ட், ஏற்கெனவே இரும்புக்குள்ள ஒளிஞ்சு நிக்கிறவனுக்கு ரெண்டு மடங்கு பிரயோஜனம், சட்ட இல்லாம நிக்கிறவனுக்கு பாதிதான்.

இது தலைகீழ். ஐரோப்பாவுல 15ஆம் நூற்றாண்டுல முழுசா தகட்டுக் கவசம் வந்தப்பறம் குதிரை வீரனுங்க பலரும் கேடயத்தயே தூக்கிப் போட்டுட்டாங்க, உடம்பே கேடயமா இருக்கும்போது கையில வேற எதுக்கு, அந்தக் கையையும் சேத்து ரெண்டு கையால பெரிய ஆயுதம் பிடிக்கலாமேன்னு. நம்ம பக்கம் நேர் எதிர். களரில வாளும் பரிசையும்னு (பரிசைன்னா கேடயம்தான்) ஒரே மூச்சுல சொல்லுவாங்க, உடம்புல கச்ச கட்டிருக்கும், எண்ண இருக்கும், அவ்வளவுதான், பாதுகாப்பு மொத்தமும் அந்த வட்டப் பரிசைலயும் காலு எடுத்து வைக்கிற சுவட்டுலயும்தான் இருக்கு. அப்ப எங்க கதைல வர்ற படைவீரனுக்கு பரிசைங்கிறது 2 பாயின்ட் இல்ல, அதுதான் உசுரு. பாறசாலைக்காரன் இத கேட்டுட்டு “எடா, இந்த ரூல் நம்ம நாட்டுக்காரனுக்கு எழுதினதல்லடா”ன்னான். சரிதான்.

அடுத்த வழி, கவசம் அடிய தடுக்காது, அடி பட்டப்பறம் காயத்த கொறைக்கும்ங்கிறது. 1978ல வந்த ரூன்குவெஸ்ட், 1986ல வந்த கர்ப்ஸ் எல்லாம் இந்தப் பக்கம். மொத தடவ படிக்கிறப்ப இதுதான் நியாயம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. கவசத்துக்கு 3ன்னு போடு, டைஸ்ல வந்த காயத்துல 3 கழி, முடிஞ்சது. ஆனா உருட்டிப் பாருங்க. கத்திக்கு டி4, சராசரி 2.5. கவசம் 3ன்னா நாலு முகத்துல மூணு முகம் சுத்தமா பூஜ்யம், சராசரி 0.25. அதாவது பத்துல ஒம்பது பங்கு போச்சு. வாளுக்கு டி6ன்னா 3.5 இருந்தது 1 ஆகும். பெரிய கோடாலிக்கு ரெண்டு டி6, சராசரி 7, அது 4க்கு கொஞ்சம் மேல நிக்கும், பாதி கூட கொறையல. ஒரே 3தான், கத்திக்காரன் கத்திய தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம், கோடாலிக்காரன் தம் பிடிச்சுட்டே அடிக்கலாம்.

இது நெசமா இல்லையான்னு கேட்டா நெசம்தான், தகட்டு மேல கத்தி என்ன பண்ணும். ஆனா மேசைல என்ன ஆகும்னா எல்லாரும் கோடாலி வாங்குவான். எங்க பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி, அந்தக் கதைல ஒரு மீனவப் பொண்ணா வர்றவ, மடில சின்னக் கத்தி வச்சிருக்கறதுதான் அவளோட அழகே, மூணு சுத்து தொடந்து பூஜ்யம் வாங்கிட்டு “அண்ணே, நான் இங்க இருந்து வேடிக்க பாக்கேன், நீங்க முடிச்சிட்டு சொல்லுங்க”ன்னுட்டு போனை எடுத்துட்டா. ஒரு ரூல் ஒருத்திய போனை எடுக்க வச்சுதுன்னா அந்த ரூல்ல எவ்வளவு நெசம் இருந்தும் புண்ணியம் இல்ல.

இத சரி பண்ண கவசத்துக்கும் ஒரு டைஸ் குடுக்கறது உண்டு. 2 கழிக்கறதுக்குப் பதிலா 1ல இருந்து 3 வரை உருட்டிக் கழி. டி6 வாளுக்கு சராசரி 1.67ல இருந்து 1.72 ஆகும், ஏறக்கொறைய அதேதான், ஆனா இப்ப கத்தி எப்பவாச்சும் ஒரு இடுக்குல போய் ஏறும், சங்கிலிக் கண்ணி விட்ட எடம், கக்கத்து எடம்னு நாமளே கத சொல்லிக்கலாம். எனக்குப் பிடிச்ச வழிதான். ஆனா ஒவ்வொரு அடிக்கும் பட்டுதா ஒரு உருட்டு, காயம் ஒரு உருட்டு, கவசம் ஒரு உருட்டுன்னு மூணாச்சு. ஆறு பேரு சண்ட போட்டா ராத்திரி களியக்காவிளைக்கு கடைசி பஸ்ஸு போயிரும்.

இதவிட பெரிய வெறியனுங்களும் உண்டு. 1980ல வந்த ரோல்மாஸ்டர் கூட்டம் இருபது தினுசு கவசத்துக்கும் சேத்து ஆயுதத்துக்கு ஒரு பக்கம்னு அட்டவணை போட்டாங்க. அதுல ஒரு நல்ல சூட்சுமம் இருக்கு, கனத்த கவசம் போட்டவன் மேல அடி சுலபமா படும், ஆனா பெருங்காயம் ஆகறது கஷ்டம், லேசா போட்டவன் மேல படறது கஷ்டம், பட்டா கத முடிஞ்சுது. அத வாசிக்கறதே ஒரு சுகம். விளையாடணும்னா கம்ப்யூட்டர் வேணும்.

ரூன்குவெஸ்ட் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அதுல இருந்துதான் எங்களுக்கு வழி தெறந்துச்சு. அத எழுதின ஸ்டீவ் பெரின் கூட்டம் கலிபோர்னியாவுல பழைய காலத்து வேஷம் கட்டி பிரம்புல வாள் பண்ணி நெசமாவே அடிச்சுக்கிட்ட ஆளுங்க. அடிபட்டவன் எழுதின ரூலுக்கும் புஸ்தகம் பாத்து எழுதின ரூலுக்கும் வித்தியாசம் தெரியும். அவங்க டி20 உருட்டி அடி எந்த உறுப்புல பட்டுதுன்னு பாத்தாங்க, 1ல இருந்து 4 வலது காலு, 5ல இருந்து 8 எடது காலு, 19ம் 20ம் தல, இப்பிடி. ஒவ்வொரு உறுப்புக்கும் தனிக் கவசம், தனி உசுரு.

நான் இத மேசைல வெளக்கும்போது கீழ பாட்டி வெளக்கு வச்சுட்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டு இருந்தாங்க. அதுல நெத்தி, கண்ணு, செவி, மூக்கு, பல்லு, கழுத்து, மாரு, தோளுன்னு ஒவ்வொரு உறுப்பா பேரு சொல்லி ஒவ்வொரு வேலா காக்கச் சொல்லிட்டே கீழ எறங்கி கால் வரைக்கும் போகும். பாறசாலைக்காரன் காது குடுத்துட்டு “இதல்லே அந்த டேபிள்? பாட்டிக்கு டைஸ் வேண்டா, எல்லா உறுப்பும் கவர் ஆயி”ன்னான். சிரிச்சு முடிச்சப்பறம்தான் ஒண்ணு ஒறச்சுது. பாட்டி சொல்றதுல எந்த உறுப்புன்னு தீர்மானிக்கறது சொல்ற ஆளு. டைஸ் இல்ல. அடி எங்க விழுதுன்னு டைஸ்கிட்ட கேக்கறத நிப்பாட்டி, அடிக்கிறவனயும் தடுக்கிறவனயும் கேட்டா என்ன?

அதுல வந்து நின்னதுதான் இப்ப நாங்க விளையாடுறது. உடம்பு மூணு பாகம், தல, நடு, காலு. அடிக்கிறவன் கைய முதுகுக்குப் பின்னால வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒரு வெரல் கணக்க முடிவு பண்ணிக்குவான். பரிசை பிடிச்சவனும் அப்பிடியே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காட்டணும். ஒத்துப் போச்சுன்னா அடி பரிசைல, டொப்புன்னு சத்தம் மட்டும். ஒத்துப் போகலன்னா அடி பட்டுது, ஒரு டைஸ் உருட்டி காயம், அந்த பாகத்துல கவசம் இருந்தா 1 இல்ல 2 கழி. தலைல பட்டா காயம் ரெட்டிப்பு. பட்டுதா படலையான்னு தனி உருட்டு கெடையாது. பரிசை இல்லாதவன் வெலகிப் பாக்கலாம், ஆனா அதுக்கு மூச்சு செலவு, அத அப்பறம் சொல்றேன்.

சும்மா வெரல் விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா உள்ள ஒரு கணக்கு ஓடுது. தலைக்கு ரெட்டிப்புங்கறதால புதுசா வர்றவன் எப்பவும் தலையத்தான் மறைப்பான், ரெண்டு சுத்துல எதிராளி அத மோந்து பிடிச்சு காலயே வெட்டுவான். உக்காந்து கணக்குப் போட்டா, கவசம் இல்லாதவன் அஞ்சுல மூணு தடவ தலையயும், நடுவயும் காலயும் தலா ஒரு தடவையும் மறைக்கணும். அடிக்கிறவன் அஞ்சுல ஒரே ஒரு தடவதான் தலைக்குப் போகணும், நடுவுக்கு ரெண்டு, காலுக்கு ரெண்டு. பெரிய லாபம் எங்க இருக்கோ அங்க கொறச்சலா போகணும், ஏன்னா அங்கதான் காவல் ஜாஸ்தி. இத யாரும் பேப்பர்ல படிச்சுட்டு விளையாடல, நாலு சண்ட போட்டா கை தானா அந்தக் கணக்குக்கு வந்துருது.

இப்ப ஒருத்தனுக்கு இரும்புத் தொப்பி குடுங்க, தலைக்கு ரெட்டிப்பு கெடையாதுன்னு வைங்க. மூணு பாகமும் சமம் ஆயிரும், மூணையும் சமமா மறைச்சா போதும். முன்னாடி அவன் காலு அஞ்சுல நாலு தடவ தெறந்து கெடந்துச்சு, இப்ப மூணுல ரெண்டு தடவதான். தொப்பி போட்டது தலைல, பொழச்சது காலு! ஆர்மர் கிளாஸ் நம்பர்ல இந்த விஷயம் வரவே வராது. கவசம்னா அது மறைக்கற எடத்தோட முடியறதில்ல, மிச்ச எடத்துக்கு கைய விடுதலை பண்ணி விடுது, நான் இந்த ரூல் எழுதினதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம் இது, யாராச்சும் தொப்பி வாங்கும்போதெல்லாம் நானே எடுத்துச் சொல்லி எல்லாரையும் கடுப்பேத்துவேன்.

உருமி வந்தா மட்டும் கத மாறும். நீளமா, பெல்ட்டு மாதிரி வளையுற வாள், பரிசை விளிம்புல பட்டா வளஞ்சு உள்ள வரும். அதனால வெரல் ஒத்துப் போனாலும் டைஸ்ல 5, 6 விழுந்தா காயம் உண்டு. ஆனா 1 விழுந்தா சுத்துறவனுக்கே. உருமி சுத்துறத பக்கத்துல நின்னு பாத்தவன் எவனும் இந்த ரூல எதுக்க மாட்டான்.

சரி, அப்ப இரும்புச் சட்ட? எல்லாரும் வாங்கிப் போட்டுட்டா? இங்கதான் நம்ம ஊரு உள்ள வருது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும். மழை இல்லாத நாள்ல காத்துல தண்ணி நிக்கும், வேர்வை காயவே காயாது. மே மாசம் சும்மா காட்டன் சட்ட போட்டுட்டு மார்த்தாண்டம் மார்க்கெட்டுல இருந்து மேம்பாலத்துக்கு அடில நடந்து வந்தாலே முதுகு நனஞ்சிரும். இதுல சுமார் 10 கிலோ சங்கிலிச் சட்டையும் அதுக்கு உள்ள பஞ்சு வச்சுத் தச்ச மெத்தச் சட்டையும் போட்டுட்டு ஒருத்தன் வாள் சுத்தணும். லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2011ல தகட்டுக் கவசம் போட்டு ஆட்கள டிரெட்மில்லுல நடக்க விட்டு மூச்ச அளந்தாங்க, நடக்கறதுக்கே ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாச்சு. அதே கனத்த முதுகுல மூட்டையா கட்டிட்டுப் போறதவிட இது மோசம், ஏன்னா கவசத்துல பாரம் காலுலயும் ஏறிருக்கும், ஒவ்வொரு எட்டுக்கும் அத தூக்கணும், நெஞ்சு தகடு மூச்ச ஆழமா இழுக்க விடாது. அது இங்கிலாந்துல. இங்க?

அதனால எங்க கேம்ல கவசத்துக்கு வெலை பணமில்ல, மூச்சு. ஆளுக்கு 6 மூச்சு. முழு வீச்சா வெட்டினா ஒண்ணு போகும், வெலகினா ஒண்ணு, ஓடினா ஒண்ணு. பரிசை தூக்கறது ஒரு சுத்துல மொத தடவ ஓசி. மெத்தச் சட்ட போட்டா 5ல ஆரம்பம், தோலும் தகடும் சேத்துத் தச்சது போட்டா 4, சங்கிலி போட்டா 3. உச்சி வெயில்ல இன்னும் ஒண்ணு கழி. ஒரு சுத்து சும்மா நின்னா ஒண்ணு திரும்பும், கவசம் இல்லாதவனுக்கு ரெண்டு. மூச்சு பூஜ்யம் ஆச்சுன்னா பரிசைய தூக்க முடியாது, மூணு பாகமும் தெறந்துதான் கெடக்கும், இரும்பு இருக்கறதால மெதுவா சாவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இத வச்சு நடந்த ஒரு சண்டைய சொல்றேன். டச்சு கம்பெனி சிப்பாய் ஒருத்தன், நெஞ்சுல தகடு, தலைல தொப்பி, 3 மூச்சு. நம்ம மீனவப் பொண்ணு, மடில கத்தி, கையில உடைஞ்ச துடுப்பு, 6 மூச்சு. பழைய ரூல்ல அவ போனை எடுத்திருப்பா. இப்ப அவ மொத ரெண்டு சுத்து அடிக்கவே இல்ல, வெலகினா, வெலகினா, மணல்ல பின்னால பின்னால போனா. சிப்பாய நடத்துனது நான், நானும் வெறி பிடிச்சு முழு வீச்சா மூணு வெட்டு வெட்டினேன், ஒண்ணு அவ தோள்ல பட்டு 4 காயம். மூச்சு தீந்துச்சு. அவ என்னைய பாத்து “இப்ப நிக்கான்லா?”ன்னு கேட்டா. நிக்கான்னேன். “செரி, காலு”ன்னுட்டு கத்திய இறக்கினா. டி4ல 3. காலுல கவசம் இல்ல. அடுத்த சுத்தும் காலு. மூணாவது சுத்துல சிப்பாய் மணல்ல முட்டி போட்டுட்டான், களியக்காவிளை அண்ணன் மேசைல ஓங்கி அடிச்சதுல டைஸ் எல்லாம் கீழ விழுந்து ஒண்ணு அலமாரிக்கு அடில போச்சு, இன்னும் எடுக்கல.

அப்ப கவசம் வேஸ்டான்னு கேட்டா இல்ல. அஞ்சு பேரு கூட்டமா வந்து ஒரு வாசல அடைச்சு நின்னா, நகர வேண்டாத எடத்துல, கவசக்காரன் ராஜா. பதினாறாம் நூற்றாண்டுல விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியன் பாயஸ் அங்க படைல பார்த்த மெத்தச் சட்டைகள பத்தி எழுதிருக்கான், அடுக்கு அடுக்கா தோலு வச்சு இரும்புத் தகடு கோத்தது. அது வறண்ட சமவெளி, குதிரை, யானை, பெரும்படை. இங்க தோப்பு, வயலு, காயலு, மழை. எங்க மேசைல இப்ப ஆளுங்க கேக்கற கேள்வியே மாறிருச்சு. எது பெருசா இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. “எவ்ளோ தூரம் நடக்கணும்? வெயிலா? தண்ணி தாண்டணுமா?”ன்னு கேட்டுட்டு சட்டைய போடறதா கழட்டறதான்னு பாக்கறான். அந்தக் கேள்விய கேக்க வைக்காத கவச ரூல் எதுவும் எனக்கு வேண்டாம், கூட்டலும் கழித்தலும் எவ்வளவு நேர்த்தியா இருந்தாலும் சரி.

துருவுக்கும் ரூல் எழுதினோம், உப்புக்காத்துல வாரம் ஒரு தடவ தேங்காய் எண்ண தடவலன்னா கவசம் ஒரு படி கொறையும்னு. யாரும் ஞாபகம் வச்சுக்கல. எடுத்தாச்சு.

துப்பாக்கி. ஐரோப்பாவுல கவசம் விக்கிறவன் நெஞ்சுத் தகட்டுல ஒரு குண்டு சுட்டு அந்தக் குழிய காட்டி வித்த காலம் உண்டு, தொளைக்கல பாருன்னு. அப்பறம் துப்பாக்கி வலுக்க வலுக்க தகடு கனமாகி, கடைசில மனுசன் கையயும் காலயும் தெறந்து விட்டுட்டு நெஞ்ச மட்டும் மூடிக்கிட்டான். எங்க ரூல்ல துப்பாக்கிக்கு கவசம் 1 மட்டும் கழிக்கும், பரிசை ஒண்ணும் பண்ணாது. ஆனா மழைல திரி நனஞ்சா வெடிக்காது, டைஸ்ல 4க்கு மேல விழுந்தாத்தான். குளச்சல் சண்ட நடந்தது 1741 ஆகஸ்ட் 10, தென்மேற்கு மழைக்காலம், அத மேசைல வச்சு விளையாடும்போது எல்லாரும் வானத்தத்தான் பாப்பான். அந்த ஊர்ல சொல்ற கத ஒண்ணு, மீனவங்க துடுப்ப தோள்ல சாச்சு துப்பாக்கி மாதிரி காட்டி வரிசையா நின்னு டச்சுக்காரன பயப்படுத்துனாங்கன்னு. அதுக்கு தனி ரூல் வேண்டாம்னு நான், வேணும்னு எல்லாரும், தோத்துட்டேன். அந்த சண்டைல பிடிபட்ட டச்சு கம்பெனி அதிகாரி டி லனாய் அப்பறம் மகாராஜாவுக்கே படைத்தலைவனா இருந்து 1777ல செத்தான், கல்லறை உதயகிரி கோட்டைக்குள்ளதான் இருக்கு, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதி. எங்க கதைல அவன் இப்ப சிறைல இருக்கான், யாரு பக்கம் சேருவான்னு ஆட்டக்காரங்களுக்குத் தெரியாத மாதிரி நடிக்கிறாங்க.

கடைசியா வர்மம். இத தொடாம குமரி மாவட்டத்துல ஒரு அடிதடி கேம் எழுத முடியாது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108ன்னு கணக்கு. எனக்கு மொதல்ல தோணினது சினிமா மாதிரி, ஒரு வெரல் குத்து, எதிராளி சுருண்டு விழுவான், கவசம் கிடையாது, காயம் நாலு மடங்குன்னு. எங்க கூட்டத்துல ஒருத்தன் வீட்டுல தாத்தா காலத்துல இருந்து ஆசான் பரம்பரை, எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் அவங்க வீட்டு வாசல்ல கியூ நிக்கும். அவன் ரூல வாசிச்சுட்டு “லேய் மக்கா, இது வர்மம் இல்ல, இது வெறும் கிரிட்டிக்கல் ஹிட்டு”ன்னான். அவன் சொன்னது ரெண்டு விஷயம். ஏடுகள்ல அடி பட்ட எடத்தோட இத்தன நாழிகைக்குள்ள என்ன கொணம் காட்டும்னு சேத்துத்தான் சொல்லிருக்கும், அடி உடனே வேல செய்யணும்னு இல்ல. அப்பறம், அடிக்கத் தெரிஞ்சவன் இளக்குமுறையும், அதாவது அந்த அடிய எடுத்து விடற வைத்தியமும், தெரிஞ்சிருக்கணும், எடுக்கத் தெரியாதவனுக்கு அடிக்க சொல்லிக் குடுக்க மாட்டாங்க.

அந்த ரெண்டும் ரூலா ஆச்சு. வெறுங்கையாலயோ குறுவடியாலயோ மறைக்காத பாகத்துல அடிச்சு டைஸ்ல 6 விழுந்தா வர்ம அடி. அப்ப ஒண்ணும் ஆகாது! கதை நடத்துறவன் ஒரு துண்டுச் சீட்டுல நாழிகை எழுதி மடிச்சு மேசை நடுவுல வச்சிருவான். நாழிகைன்னா 24 நிமிஷம், கதைக்குள்ள நேரம் ஓடும். அதுக்குள்ள இளக்கத் தெரிஞ்ச ஆள கண்டுபிடிச்சா தப்பிக்கலாம். வர்ம அடி எத்தன படி கத்துக்கறியோ இளக்கும் அத்தன படி கத்துக்கணும், அது கட்டாயம். இதுல வந்த விளைவு யாரும் எதிர்பாக்கல. அந்த மடிச்ச சீட்டு மேசைல இருக்கற வரைக்கும் ஆளுங்களுக்கு வேற ஒண்ணுலயும் கவனம் போகல, வெட்டுக் காயம் பத்து வாங்கினவன் கூட சிரிச்சுட்டு இருந்தான், சீட்டு வாங்கினவன் முகம் மட்டும் கறுத்துப் போச்சு. எதிரிகிட்டயே போய் கால்ல விழுந்து எடுத்து விடச் சொன்ன கதயும் நடந்துச்சு, ஏன்னா அடிச்சவனுக்கு எடுக்கத் தெரியும்னு ரூலே சொல்லுதே.

மெத்தச் சட்ட வர்மத்த தடுக்குமாங்கிறதுல மட்டும் இன்னும் அடிதடி ஓயல. பஞ்சு தடுக்கும்னு நான், குறுவடி நுனி பஞ்சுக்கு உள்ள போகும்னு ஆசான் வீட்டுக்காரன், பாறசாலைக்காரன் எவன் தோக்கறானோ அவன் பக்கம். இப்போதைக்கு 6க்குப் பதிலா ரெண்டு டைஸ் உருட்டி ரெண்டும் 6 வந்தா வர்மம்னு வச்சிருக்கோம், ஆக 36ல ஒண்ணு, ரொம்பக் கம்மின்னு அவன் முணுமுணுத்துட்டேதான் உருட்டுறான். அடுத்த கதைல யானைப் படை வருது, தும்பிக்கைல வாள் கட்டின யானை. அதுக்கு எத்தன மூச்சு, எத்தன பாகம், தும்பிக்கைக்கு தனி வெரல் காட்டணுமா, ஒண்ணும் முடிவாகல. யாருக்காச்சும் யோசன இருந்தா எழுதுங்க.